சைக்கிளிலிருந்து காருக்கு, காரிலிருந்து மறுபடி சைக்கிளுக்கு: அன்னா வான் டெர் பிரெக்கன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் சாலை சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால், இரண்டாவது மூன்றாவது கேள்விக்குள் அன்னாவின் பெயர் வந்துவிடும். ஒலிம்பிக் சாம்பியன், உலக சாம்பியன், பிறகு கோச், அதன் பிறகு மறுபடியும் வீராங்கனை. இந்த வரிசையைக் கேட்டதும் எல்லோருக்கும் சந்தேகம் வருகிறது, எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். 2025 சீசன் முடிய நடந்தவை இதில் இருக்கின்றன.

யார் இந்த அன்னா?

நெதர்லாந்துக்காரர். 1990 ஏப்ரல் 18-ல் ஸ்வோல நகரத்தில் பிறந்தவர். வளர்ந்தது பக்கத்திலேயே இருக்கும் ஹாசெல்ட் என்ற சிற்றூரில். (பெல்ஜியத்தில் இதே பெயரில் பெரிய ஊர் ஒன்று உண்டு. இது வேறு.) ஏழு வயதில் பந்தய சைக்கிளில் ஏறியிருக்கிறார். நர்சிங் படித்தவர். 2014-ல் ராபோபேங்க் அணியில் சேர்ந்த பிறகுதான் வெளியுலகம் அவரைக் கவனித்தது. 2017-ல் புல்ஸ்-டோல்மன்ஸ் அணிக்குப் போனார். அந்த அணிதான் 2021-ல் எஸ்டி வொர்க்ஸ் என்று பெயர் மாறியது. வீராங்கனை, இயக்குநர், கோச், மறுபடி வீராங்கனை எல்லாமே அந்த ஒரே வீட்டில்தான்.

நெதர்லாந்தில் மலையே கிடையாதே. அங்கிருந்து வந்தவர் மலையேற்றத்தில் எப்படி இவ்வளவு கெட்டி?

மலை இல்லை, காற்று இருக்கிறது. கடலிலிருந்து தடையில்லாமல் வீசும் எதிர்காற்றில் பத்து வயதுப் பிள்ளை சைக்கிள் மிதிப்பது லேசான காரியமில்லை. பக்கவாட்டுக் காற்று வந்தால் வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்வாக விரிந்து, ஒருவர் மறைவில் ஒருவர் ஒதுங்கி ஓட்டுவார்கள். டச்சு மொழியில் அதற்கு 'வாயர்' என்று பெயர், விசிறி என்று அர்த்தம். விசிறியில் இடம் கிடைக்காதவர் பின்னால் தனியாக அறுந்து போவார். இந்தப் பாடத்தைச் சின்ன வயதிலேயே படித்தவர்களுக்கு, தாங்க முடியாத வேகத்தை நீண்ட நேரம் தாங்குவது பழகிவிடுகிறது. மலையேற்றத்துக்கும் அதேதான் வேண்டும். அன்னாவுக்கு உடல்வாகும் கூடவே அமைந்தது.

2016 ரியோ ஒலிம்பிக்கில் என்ன நடந்தது? அதிர்ஷ்டத்தில் ஜெயித்தார் என்கிறார்களே?

இதை எத்தனை முறை கேட்டிருப்பேனோ தெரியாது. ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை. நமக்கு நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. கடைசி மலை விஸ்டா சினேசா. உச்சியை முதலில் தாண்டியது இருவர்: டச்சு அணியின் அனமீக் வான் ஃப்ளூட்டன், அமெரிக்காவின் மாரா அபட். இறக்கத்தில் அனமீக் முன்னே பாய்ந்து தனியாகப் போய்விட்டார். தங்கம் உறுதி என்றே எல்லோரும் நினைத்த நேரத்தில் ஈரமான ஒரு வளைவில் தூக்கி எறியப்பட்டு, சாலையோரக் கல்விளிம்பில் மோதி அசையாமல் கிடந்தார். முதுகெலும்பில் மூன்று சிறு முறிவுகள், தலையில் அதிர்ச்சி. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு உயிரோடு இருக்கிறாரா என்பதே சில நிமிடம் தெரியவில்லை.

பின்னால் மூன்று பேர் கொண்ட குழுவில் அன்னா வந்துகொண்டிருந்தார். விழுந்து கிடந்த தன் அணித்தோழியைக் கடந்துதான் அவர் போக வேண்டியிருந்தது. கூட இருந்தவர்கள் ஸ்வீடனின் எம்மா யோஹான்சன், இத்தாலியின் எலிசா லோங்கோ போர்கினி. முன்னால் மாரா அபட் தனியாக. மலையில் அவரைப் பிடிக்க ஆள் இல்லை. ஆனால் இப்போது கடற்கரையோரம் தட்டையான சாலை. மூன்று பேர் முறை வைத்துக் காற்றைக் கிழித்துத் துரத்தும்போது, தனியாகப் போகும் ஒருவரின் இடைவெளி மெழுகு மாதிரி கரையும். கோபகபானாவில் முடிவுக் கோட்டுக்கு இருநூறு மீட்டர்கூட இல்லாதபோது மூவரும் அவரைத் தாண்டினார்கள். ஸ்பிரிண்டில், அதாவது கடைசி வேகப் பாய்ச்சலில், அன்னா முதல், யோஹான்சன் இரண்டு, லோங்கோ போர்கினி மூன்று.

அதிர்ஷ்டமா என்றால், என் பதில் இதுதான். நிலைகுலைய வைக்கும் காட்சியைப் பார்த்த பத்தே கிலோமீட்டரில், துரத்தலில் தன் பங்கை இழுத்து, ஸ்பிரிண்டுக்கும் கால் மிச்சம் வைத்துக்கொண்டவர் அவர். மூன்று நாள் கழித்து நடந்த தனிநேர ஓட்டத்தில் (ஒவ்வொருவராகத் தனியே கிளம்பி, குறைந்த நேரத்தில் முடிப்பவர் ஜெயிக்கும் போட்டி) வெண்கலமும் வாங்கினார்.

அன்றைக்கு டச்சுப் பெண்கள் அணியின் கோச்சாக இருந்த யோஹான் லாமர்ட்ஸ் யார் தெரியுமா? 1984-ல் பெல்ஜியத்தின் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தை ஜெயித்தவர்.

அப்படியானால் வீரர் கோச்சாவது அந்த நாட்டு வழக்கமா?

வழக்கம் என்றே சொல்லலாம். பின்னாளில் பெண்கள் அணியின் பொறுப்பை ஏற்ற லூஸ் குன்னவைக்கும் பல ஆண்டுகள் பந்தயத்தில் ஓடியவர். பழைய தலைமுறையில் கெரி கினேட்டமன். 1978-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசரை இருவர் ஸ்பிரிண்டில் வென்று உலக சாம்பியன் ஆனார். டூர் டி பிரான்ஸில் பத்துக் கட்டங்களை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) ஜெயித்தார். 1983-ல் நிறுத்தியிருந்த காரில் மோதி உடல் நொறுங்கிய பிறகும் திரும்பி வந்து, 1985-ல் ஆம்ஸ்டல் கோல்ட் பந்தயத்தை வென்றார். பிற்பாடு தேசிய அணியின் கோச். 2004 நவம்பரில் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் மகள் ராக்சன் ராபோபேங்க் அணியில் அன்னாவோடு ஓடியவர். நெதர்லாந்தில் சைக்கிள் உலகம் அவ்வளவு சின்னது. நேற்று பக்கத்தில் மிதித்தவர் நாளைக்குக் காரிலிருந்து கட்டளை சொல்வார், அதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

பெல்ஜியத்தின் ஃபிளெஷ் வலோன் பந்தயத்தை ஏழு முறை தொடர்ந்து ஜெயித்தது உண்மையா?

உண்மை. 2015 முதல் 2021 வரை, ஒரு வருஷம்கூட விடாமல். அதற்கு முன்பு இன்னொரு டச்சு வீராங்கனை மரியான் வோஸ் ஐந்து முறை ஜெயித்ததே பெரிய சாதனையாக இருந்தது.

அந்தப் பந்தயம் முடியும் ஏற்றத்தைக் கொஞ்சம் விவரிக்கிறேன், அப்போதுதான் ஏழு என்ற எண்ணின் கனம் புரியும். பெல்ஜியத்தின் உய் என்ற ஊரில் மூர் த உய் என்று ஒரு தெரு இருக்கிறது. மூர் என்றால் சுவர். நீளம் 1.3 கிலோமீட்டர்தான். ஓரத்தில் சின்னச் சின்ன வழிபாட்டு மாடங்கள், தார்ச்சாலையில் ஊர்ப் பெயரைத் திரும்பத் திரும்ப வெள்ளையில் எழுதியிருப்பார்கள். சராசரிச் சரிவு பத்து சதவீதத்தை ஒட்டி. நடுவில் ஒரு வளைவு வரும். அங்கே உள்பக்கமாகத் திரும்பினால் நூறு மீட்டருக்கு இருபது மீட்டருக்கும் மேல் ஏறுகிற சரிவு. வீட்டு மாடிப்படிக்குப் பலகை போட்டு ஏறுவது மாதிரி. காலில் மூன்று மணி நேரத்துக்கும் மேலான களைப்போடு அங்கே வந்து சேர்வார்கள்.

பெரும்பாலானவர்கள் அங்கே தோற்பது பொறுமையில்லாமல். கீழே வேகம் வந்துவிடும், ரசிகர்கள் கத்துவார்கள், வளைவிலேயே எழுந்து நின்று பாய்வார்கள். அடுத்த நூறு மீட்டரில் கால் கல்லாகிவிடும், கோடு இன்னும் கண்ணுக்கே தெரியாது. அன்னாவின் பிந்தைய ஆண்டு வெற்றிகளைப் போட்டுப் பாருங்கள். முன்னால் வந்து உட்காருவார். மற்றவர்கள் மூச்சுவிடத் திணறும் ஒரு வேகத்தை வைப்பார், அதை ஏற்றவும் மாட்டார் இறக்கவும் மாட்டார். தோள் ஆடாது. சக்கரத்தைப் பிடித்து வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று, கடைசி இருநூறு மீட்டரில் மிச்சம் இருப்பது ஒருவரோ இருவரோ. அப்போதுதான் கடைசி அழுத்தம். 2021-ல் அப்படி மிச்சம் இருந்தவர் போலந்தின் கேசியா நெவ்யாடோமா, அவரும் கோட்டுக்கு முன்னால் கை விட்டார்.

எதிராளி எப்போது அவசரப்படுவார், தன் கால் எத்தனை விநாடி தாங்கும் என்று கணக்குப் போட்டு ஓட்டுகிற புத்தி இது. இந்தப் புத்தி இருக்கிறவர் கோச்சானதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

வேறு பெரிய வெற்றிகள்?

நிறைய. 2017-ல் ஆம்ஸ்டல் கோல்ட், ஃபிளெஷ் வலோன், லியெஜ்–பாஸ்தோன்–லியெஜ் மூன்றையும் ஒரே வசந்தத்தில் ஜெயித்த முதல் பெண். 2018-ல் ஸ்ட்ராடே பியாங்கே, டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ், லியெஜ் மறுபடி, அப்புறம் இன்ஸ்புருக்கில் உலக சாம்பியன். அங்கே சுமார் நாற்பது கிலோமீட்டர் தனியாக ஓட்டி, இரண்டாவதாக வந்த அமாண்டா ஸ்பிராட்டை 3 நிமிடம் 42 விநாடி பின்னால் விட்டார். இத்தாலியின் பல நாள் பந்தயமான ஜிரோ நான்கு முறை (2015, 2017, 2020, 2021). 2019-ல் டென்மார்க்கின் அனிகா லாங்வாட் ஜோடியாகத் தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் மலைச் சைக்கிள் பந்தயத்தையும் ஜெயித்துவிட்டு வந்தார். 2020 செப்டம்பர் அவருக்குப் பொற்காலம். ஜிரோ முடிந்து ஒரு வாரத்துக்குள் இமோலாவில் தனிநேர ஓட்டம், சாலைப் பந்தயம் இரண்டிலும் உலக சாம்பியன். ஒரே வருஷத்தில் இரண்டையும் ஒரு பெண் ஜெயித்தது 1995-ல் ஷானி லோங்கோவுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அவ்வளவு உச்சத்தில் இருந்தவர் ஏன் ஓய்வு பெற்றார்?

ஓய்வு அறிவிப்பு இமோலாவுக்குப் பிறகு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது 2020 மே மாதத்திலேயே வந்துவிட்டது. கொரோனாவால் பந்தயமே நின்றுபோயிருந்த காலம். 2021 சீசன் முடிந்ததும் நிறுத்திவிட்டு, அதே அணியில் இயக்குநராகச் சேரப்போகிறேன் என்று சொன்னார். அதாவது போகும் நாளும் போகும் இடமும் முடிவான பிறகுதான் அந்த இரட்டை உலகப் பட்டம் வந்தது. அப்போதும் அவர் மனம் மாறவில்லை.

முப்பத்தொரு வயதில், தோற்று ஒதுங்குவதற்கு முன்னால், இனி எனக்குப் பிடித்த வேலை கற்றுக்கொடுப்பது என்று தீர்மானித்து இறங்கினார். இதைத் துணிச்சல் என்றே சொல்வேன்.

கடைசி வருஷம் சும்மா கைகாட்டிவிட்டுப் போகிற வருஷமாக இருந்ததா?

இல்லவே இல்லை. 2021-ஐத்தான் நான் அவருடைய மிக அழகான வருஷமாகச் சொல்வேன். ஏழாவது ஃபிளெஷ் வலோன் ஒரு புதன்கிழமை. அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 25, லியெஜ்–பாஸ்தோன்–லியெஜ். ரோஷ்-ஓ-ஃபோகான் ஏற்றத்துக்குப் பிறகு முன்னால் ஐந்து பேர்: அன்னா, அவருடைய அணித்தோழி டெமி வோலரிங், வான் ஃப்ளூட்டன், லோங்கோ போர்கினி, நெவ்யாடோமா. அன்னாவின் உடலில் உலக சாம்பியனின் வானவில் ஜெர்ஸி. டெமிக்கு அப்போது இருபத்து நான்கு வயது, இந்த அளவுப் பந்தயம் எதையும் ஜெயித்ததில்லை.

வானவில் ஜெர்ஸி போட்டவர் ஐவரின் முன்னால் போய் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை, முறைக்கு ஆள் கேட்கவில்லை. பின்னால் இருந்து ஒருவரும் தாவிப் போக முடியாத வேகத்தில், கிலோமீட்டர் கிலோமீட்டராக லியெஜ் நகருக்குள் இழுத்துக்கொண்டே போனார். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னால் வருகிறவருக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அந்த மிச்சத்தை டெமிக்காக அவர் சேமித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மற்ற மூவருக்கும் அதே மறைவு கிடைக்கும்தான். ஆனால் ஸ்பிரிண்ட் என்று வந்தால் டெமிதான் வேகம் என்று அன்னாவுக்குத் தெரியும். கணக்குத் தப்பவில்லை. டெமி முதல், வான் ஃப்ளூட்டன் இரண்டு, லோங்கோ போர்கினி மூன்று.

ஜூனில் பிரான்ஸில் நடந்த லா கோர்ஸ் பந்தயத்திலும் அதே கதை: வானவில் ஜெர்ஸி முன்னால் இழுக்க, டெமி ஜெயித்தார். ஜூலையில் ஜிரோவை மட்டும் அன்னா தனக்கென்று எடுத்துக்கொண்டார். இரண்டாம் இடம் ஆஷ்லி மூல்மன் பாசியோ, மூன்றாம் இடம் டெமி, மூவரும் ஒரே அணி.

எப்போது கோச்சானார் என்று கேட்டால், ஒப்பந்தப்படி 2022-ல். என் கணக்கில் அந்த லியெஜ் ஞாயிறன்று.

டோக்கியோவில் டச்சு அணி கோட்டைவிட்டதே, அன்னாவும் இருந்தாரா?

இருந்தார். வான் ஃப்ளூட்டன், வோஸ், டெமி, அன்னா என்று நான்கு பேரும் ஜாம்பவான்கள். ஆனால் ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. தொடக்கத்திலேயே பிரிந்து போன ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் இன்னும் முன்னால் இருக்கிறார் என்பது தெரியாமல், வான் ஃப்ளூட்டன் கோட்டைத் தாண்டித் தங்கம் ஜெயித்ததாகக் கையைத் தூக்கினார். அவருக்குக் கிடைத்தது வெள்ளி. தகவல் ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால் உலகின் மிகச் சிறந்த கால்களும் வீண் என்பதை அன்னா அன்று சாலையிலேயே பார்த்தார். சில நாள் கழித்து தனிநேர ஓட்டத்தில் வான் ஃப்ளூட்டன் தங்கம், சுவிட்சர்லாந்தின் மார்லன் ராய்சர் வெள்ளி, அன்னா வெண்கலம். ராய்சர் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோச்சும் அணி இயக்குநரும் ஒரே வேலையா?

வேறு வேறு. அன்னா இரண்டையும் செய்தார், அதனால்தான் குழப்பம்.

இயக்குநரின் இடம் கார். பந்தயக் கூட்டத்துக்குப் பின்னால் அணிகளின் கார்கள் வரிசையாக வரும். யாருடைய வீராங்கனை பட்டியலில் மேலே இருக்கிறாரோ அந்தக் கார் வரிசையில் முன்னால். பின் சீட்டில் மெக்கானிக், மடியில் மாற்றுச் சக்கரம். காலடியில் தண்ணீர் பாட்டில்கள். முன்னால் ஒரு சின்னத் திரையில் நேரலை. பந்தய அமைப்பாளர்களின் ரேடியோ ஒரு பக்கம், சொந்த வீராங்கனைகளின் ரேடியோ இன்னொரு பக்கம். ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கையால் ஜன்னல் வழியே பாட்டில் நீட்டிக்கொண்டே, இன்னும் இரண்டு கிலோமீட்டரில் சாலை வலப்பக்கம் திரும்புகிறது, காற்று இடமிருந்து அடிக்கும், முன்னால் போங்கள் என்று சொல்ல வேண்டும். பஞ்சர் ஆனால் சக்கரம் மாற்றி, அவரைக் கூட்டத்தோடு சேர்க்கவும் வேண்டும்.

கோச்சின் வேலை சத்தமில்லாதது. திங்கட்கிழமை எத்தனை மணி நேரம், எந்த அழுத்தத்தில், எப்போது ஓய்வு, எந்த மாதம் உயரமான மலை ஊரில் போய்த் தங்குவது என்று ஆண்டு முழுவதும் திட்டம் எழுதுகிறவர். பெடலில் எவ்வளவு விசை போகிறது என்று பவர் மீட்டர் பதிவு செய்யும். சாயங்காலம் அந்தப் பதிவைப் பார்த்து, இவள் இன்று களைத்திருக்கிறாளா, பயப்படுகிறாளா, பொய் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த இடத்தில் முன்னாள் வீராங்கனைக்கு ஒரு சலுகை உண்டு. அந்தக் களைப்பு எப்படி இருக்கும் என்று அவர் உடம்புக்கே தெரியும்.

டெமி வோலரிங்குக்குக் கோச்சாக இருந்தது அன்னாதானா?

ஆமாம். டெமியின் பயிற்சித் திட்டம் அன்னாவின் கையில் இருந்தது. அதன் உச்சம் 2023. அந்த ஏப்ரலில் டெமி ஆம்ஸ்டல், ஃபிளெஷ், லியெஜ் மூன்றையும் ஜெயித்தார். அதற்கு முன்பு அப்படிச் செய்த ஒரே பெண் அவருடைய கோச்தான்.

எல்லாம் பூப்போலப் போகவில்லை. மார்ச்சில் ஸ்ட்ராடே பியாங்கேயில் ஒரு குதிரை தறிகெட்டுச் சாலைக்கு வந்து டெமியின் முன்னால் ஓடியது. அதைத் தாண்டி சியெனா நகருக்குள் வந்தால், ஒரே அணியைச் சேர்ந்த டெமியும் லோட்டே கோபெக்கியும் ஒருவரையொருவர் எதிர்த்து ஸ்பிரிண்ட் செய்தார்கள். டெமி மயிரிழையில் ஜெயித்தார். ஒருவருக்குக் கோச், இருவருக்கும் இயக்குநர் என்றால் அன்று மாலை இரவுச் சாப்பாட்டு மேசையில் உட்காருவது எவ்வளவு கஷ்டம், யோசித்துப் பாருங்கள். மே மாதம் ஸ்பெயினின் பல நாள் பந்தயமான வுயெல்டாவை டெமி வெறும் 9 விநாடியில் வான் ஃப்ளூட்டனிடம் இழந்தார்.

ஜூலையில் டூர் டி பிரான்ஸ் ஃபாம், அதாவது பெண்களுக்கான டூர். ஐந்தாம் கட்டத்தில் பஞ்சர். திரும்பி வரும்போது அணிக் காரின் மறைவில் அளவுக்கு மீறி ஓட்டினார் என்று டெமிக்கு 20 விநாடி தண்டனை. காரை ஓட்டிய தலைமை இயக்குநர் பந்தயத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். அணியே ஆடிப்போயிருக்க வேண்டிய நேரம். ஜூலை 29-ல் டூர்மலே மலை, 2115 மீட்டர் உயரம், உச்சி முழுக்கப் பனிமூட்டம். முதல் ஏற்றத்தில் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே காத்திருந்த டெமி, உச்சிக்கு ஐந்து ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரே முறை பாய்ந்தார். கேமராவுக்குக்கூட அவர் சரியாகத் தெரியவில்லை. நெவ்யாடோமா 1 நிமிடம் 58 விநாடி பின்னால், வான் ஃப்ளூட்டன் 2 நிமிடம் 34 விநாடி பின்னால். அவசரப்படாமல், ஒரே ஒரு முறை, சரியான இடத்தில். மூர் த உய்யில் பார்த்த அதே கையெழுத்து.

அந்த வருஷம் அணி 60-க்கும் மேற்பட்ட வெற்றிகளை எடுத்தது. 2024-ல் டூரை டெமி 4 விநாடியில் நெவ்யாடோமாவிடம் இழந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சீசன் முடிந்து டெமி எஃப்டிஜே-சுயெஸ் அணிக்கும், ராய்சர் மோவிஸ்டார் அணிக்கும் போனார்கள்.

அன்னா டூர் டி பிரான்ஸ் ஜெயித்திருக்கிறாரா?

இல்லை. பெண்களுக்கான இப்போதைய டூர் 2022-ல்தான் தொடங்கியது, அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம். அதற்கு முன்பு இருந்த லா கோர்ஸை 2015-ல், மழையில் நனைந்த பாரிஸ் சாலையில் ஜெயித்தார். முதல் முறை அவர் டூரில் ஓடியது 2025-ல், முப்பத்தைந்து வயதில். அந்த வருஷம் ஜெயித்தவர் பவுலின் ஃபெரான்-ப்ரெவோ, ராபோபேங்க் நாட்களில் அன்னாவின் அணித்தோழி.

அப்புறம் ஏன் திரும்பி வந்தார்? கோச் வேலை பிடிக்கவில்லையா?

2024 ஜூனில் அறிவிப்பு வந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. வேலை பிடிக்காமல் ஓடி வந்ததாக நான் பார்க்கவில்லை. அவர் விட்டுப் போன மூன்று சீசன்களில் பெண்கள் பந்தயம் அடையாளம் தெரியாமல் வளர்ந்துவிட்டது. டூர் வந்தது, வுயெல்டா பெரிதானது, நேரலை வந்தது, அணிகளின் பலம் கூடியது. அந்த வளர்ச்சியை மிக அருகில், காரின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஆசை வந்ததில் குற்றமே இல்லை.

ஜூனில் சொல்லிவிட்டு ஜனவரி வரை ஏன் காத்திருந்தார் என்றும் கேட்கிறார்கள். ஓய்வு பெற்ற ஒருவர் திரும்ப வேண்டுமானால் ஆறு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து, அந்த ஆறு மாதமும் ஊக்கமருந்துச் சோதனைக்குத் தயாராக இருக்க வேண்டும். நேற்று காரில், இன்று சைக்கிளில் என்று வர முடியாது.

திரும்பி வந்து பழைய அன்னாவாக இருந்தாரா?

2025 மார்ச்சில் ஸ்ட்ராடே பியாங்கே. வெள்ளை மண் சாலையில் அன்னா முன்னே பாய்கிறார். பின்னாலிருந்து ஒரே ஒருவர் அவரைப் பிடிக்கிறார், டெமி வோலரிங். இருவரும் சேர்ந்தே சியெனாவை நெருங்குகிறார்கள். சான்டா கட்டரினா தெருவின் செங்குத்தில் டெமி விலகிப் போய் ஜெயித்தார். அன்னா இரண்டாவது. அந்தச் சில நிமிடங்களில் முன்னால் போகிறவருக்குப் பயிற்சித் திட்டம் எழுதிய கை, பின்னால் போகிறவருடையது. அவ்வளவு நேர்மையான தோல்வியை நான் அதிகம் பார்த்ததில்லை.

மே மாதம் வுயெல்டாவில் ஆறாம் கட்டத்தில் பல்தனாஸ் ஊரில் தனியாக வந்து ஜெயித்தார். மொத்தப் பட்டியலில் மூன்றாம் இடம். முதல் இடம் டெமி, இரண்டாம் இடம் ராய்சர்.

பழைய அன்னாவா என்றால், ஏற்றத்தில் கடைசி அழுத்தம் பழைய அளவு இல்லை. தனிநேர ஓட்டத்தில் மட்டும் வயது தெரியவே இல்லை.

அன்னாவா, வான் ஃப்ளூட்டனா, யார் பெரியவர்?

இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. மலையில் இன்னும் நூறு கிலோமீட்டர் இருக்கும்போதே கிளம்பிப் போகிற வெறி வேண்டும் என்றால் வான் ஃப்ளூட்டன். காத்திருந்து ஒரே அடியில் முடிக்கும் நிதானம் வேண்டும் என்றால் அன்னா. நான் அன்னா பக்கம். காரணம் லியெஜில் அவர் விட்டுக்கொடுத்த அந்த ஞாயிறு.

கடைசியாகப் பார்க்க வேண்டிய ஒரு பந்தயம் சொல்லுங்கள்.

2025 செப்டம்பர் 21, ருவாண்டாவின் கிகாலி, உலகத் தனிநேர ஓட்டம். ஆப்பிரிக்காவில் நடந்த முதல் சாலை உலகப் போட்டி. தனிநேர ஓட்டத்தில் காரில் இருப்பவர் பின்னாலிருந்து பேசலாம், மற்றபடி கடிகாரமும் நீங்களும்தான். ஒவ்வொருவராகக் கிளம்பி, மேடும் பள்ளமுமான சாலையில் சுற்றி வந்தார்கள். முடிவு: ராய்சர் தங்கம், அன்னா வெள்ளி, டெமி வெண்கலம். ஐந்து வருஷத்துக்கு முன் இமோலாவில் இதே பந்தயத்தில் அன்னா தங்கம், ராய்சர் வெள்ளி. இடையில் மூன்று வருஷம் ராய்சரும் டெமியும் அன்னா இயக்குநராக இருந்த அணியில் ஓடினார்கள்.

பரிசளிப்புப் படத்தைத் தேடிப் பாருங்கள். மூன்று நாடுகூட அங்கே இல்லை, சுவிட்சர்லாந்தும் நெதர்லாந்தும்தான். நடுவில் ராய்சர், ஒரு பக்கம் டெமி, இன்னொரு பக்கம் அன்னா.